மைக்கக்காவும் இரண்டு இன்ஹேலர்களும்

எங்கள் பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. நான் அங்கே டைம் கீப்பர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று சீட்டில் கிறுக்கி அவர் பக்கம் தள்ளுவேன். இருவருக்கும் மாடியில் ஒரே கண்ணாடி அறை. என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நல்ல கனமான குரல். வண்டி பின்னால் வரும் இரைச்சலிலும், கண்டக்டர்களின் விசிலிலும் அது தனியாகத் தெரியும். ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு நேரில் பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். குரலுக்குத் தகுந்த உருவம் இல்லை. ஒல்லியான, குள்ளமான பெண்மணி, மூக்கின் நுனியில் கண்ணாடி. "இந்த உடம்புல எங்கக்கா இவ்வளவு பெரிய ஸ்பீக்கரை வெச்சிருக்கீங்க?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். "உங்க ஹார்னை விடச் சின்னதுதான், போய் வண்டியை எடுங்க" என்பார்.

அவருக்கு ஆஸ்துமா இருந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே வெகுநாள் தெரியாது. அறிவிப்பை முடித்து மைக்கை அணைத்த பிறகுதான் இரைப்பார். கைப்பையில் ஒரு நீல நிற ஸ்ப்ரே. திரும்பி உட்கார்ந்து இரண்டு முறை அடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல அடுத்த சீட்டுக்குக் கை நீட்டுவார். நாள் போகப் போக அந்த நீல ஸ்ப்ரே கைப்பையிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது.

அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவர், "நீலம் அவசரத்துக்கு மட்டும்தான்மா. நோய் அடங்கணும்னா தினமும் காலை, ராத்திரி இன்னொரு ஸ்ப்ரே எடுக்கணும்" என்று சொல்லிப் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். வெளியே கூட்டம் நிற்கிற கிளினிக். எடுக்கும் முறையை அவர் வேகமாகச் சொல்ல, அக்கா வேகமாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அதை விளக்க ஆள் தயாராக இருந்தது. அக்காவின் நாத்தனார், கணவரின் அக்கா. நீச்சல் குளத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். அவருக்கும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஆஸ்துமா. ஆனால் பார்த்தால் சொல்ல முடியாது. தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். அவர் எடுப்பது பவுடர் இன்ஹேலர். சின்ன காப்ஸ்யூலை ஒரு குழலுக்குள் போட்டுத் திருகி, உள்ளே இருக்கும் தூளை மூச்சால் இழுக்க வேண்டும். பல வருஷமாக அதை எடுத்து, வீசிங் என்ற வார்த்தையே மறந்துபோனவர். மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பதே தொழிலாக இருக்கிறவர் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

"இந்தா பாரு, முதல்ல உள்ள இருக்கற காத்தையெல்லாம் வெளியே ஊது. அப்புறம் ஒரே இழுப்பு. வேகமா! மருந்து நெஞ்சுல போய் அறையணும். என்னைப் பாரு."

அக்கா அப்படியே பழகிக்கொண்டார். ஸ்ப்ரேயை அழுத்துவார், உடனே வெடுக்கென்று இழுப்பார். தொண்டையில் சுரீரென்று குளிர்ச்சி தட்டும். சரியாகத்தான் போகிறது என்று திருப்தியாக இருக்கும்.

ஆனால் இரைப்பு குறையவில்லை. ஒருநாள் நாத்தனாரும் அவரும் சாப்பாட்டு மேசையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நாத்தனாருடைய காப்ஸ்யூல் பெட்டியில் நானூறு என்று போட்டிருந்தது. அக்காவின் ஸ்ப்ரேயில் இருநூறு.

"அதான் விஷயம்!" என்றார் நாத்தனார். "எனக்குக் கொடுக்கறதுல பாதி கொடுத்தா உனக்கு எப்படிக் கேக்கும்? போய் டாக்டரைக் கேளு."

அக்கா போய்க் கேட்டார். இரைப்பு குறையாததைப் பார்த்து மருத்துவரும் அளவைக் கூட்டினார். அப்படியும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இன்னொரு முறை கூட்டினார். இரைப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. குரல்தான் போகத் தொடங்கியது.

முதலில் காலை நேரத்தில் மட்டும் கரகரப்பு. பிறகு நாள் முழுக்க. "மலைப்பாதை வழியாகச் செல்லும்" என்று அவர் ஆரம்பித்தால் 'மலை' கீழேயும் 'பாதை' மேலேயும் உடைந்து விழும். ஒருநாள் பயணிகள் புகார் சொல்லி, ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் ஆள் ஏணியோடு வந்துவிட்டார். கம்பம் கம்பமாக ஏறி ஒவ்வொரு புனலாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். கடைசியில் எங்கள் அறைக்கு வந்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, ஒயரைப் பிடுங்கிச் சொருகி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். நீங்க ஏதாவது பேசுங்க, பார்ப்போம்" என்றார்.

அக்கா பேசினார். அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வைத்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போன பிறகு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அழுதார். நான் சன்னல் பக்கம் திரும்பி, வராத வண்டியை எல்லாம் வந்ததாகச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நிலைய அதிகாரி மேலே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. "உடம்பு தேறுற வரைக்கும் தொலைஞ்ச சாமான் கவுன்டரைப் பார்த்துக்கோங்கம்மா. அதுவரைக்கும் பதிவு பண்ணின குரலைப் போட்டு ஓட்டிக்கலாம்" என்றார். பதிவுக் குரல் வந்தது. பிசிறில்லாத, தேன் தடவின குரல். ரத்தான வண்டியையும் அதே இனிமையோடு கிளப்பிவிடும். மேடை மாறினால் அதற்குத் தெரியாது.

கவுன்டரில் உட்கார்ந்து, ஜோடி இல்லாத செருப்புக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் சீட்டு கட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் அக்கா அந்த முடிவுக்கு வந்தார். தினசரி ஸ்ப்ரேயோடு வரும் துண்டுத்தாளில் 'குரல் கரகரப்பு ஏற்படலாம்' என்று இருந்ததைப் படித்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டார். தொண்டை கொஞ்சம் தெளிந்தது. "பார்த்தியா தம்பி, சனியன் அந்த மருந்துதான்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஆனால் நீல ஸ்ப்ரே இப்போது கையை விட்டு இறங்கவே இல்லை.

ஒரு மதியம், கவுன்டருக்கு எதிரே ஒரு பழைய வண்டியை இன்ஜினோடு நிறுத்திப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரும்புகை நேராகக் கவுன்டருக்குள் வந்தது. நான் படியிறங்கி வரும்போது அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. நீல ஸ்ப்ரேயை அடிக்கிறார், அடிக்கிறார், உதட்டோரம் புகையாக வெளியே வருகிறது. "அக்கா" என்றேன். "வண்..." என்றார். அந்த வார்த்தையை முடிக்க அவரிடம் காற்று இல்லை.

நல்லவேளையாகத் துறைமுகத் தடத்து டிரைவர் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். அவருக்கு நிலையத்தில் பெயர் 'பிரேக்கு'. அவர் பிரேக் போட்டால் கடைசி சீட்டில் இருப்பவர் முதல் சீட்டுக்கு வந்துவிடுவார். அக்காவைப் பார்த்ததும் வேறு எதையும் கேட்கவில்லை. "தூக்குங்க" என்றார். காலியாக நின்ற பேருந்தில் அக்காவை ஏற்றி, நான் பிடித்துக்கொண்டு உட்கார, முழுப் பேருந்தை ஆம்புலன்ஸ் மாதிரி ஓட்டினார். அன்றைக்கு ஒரு குலுங்கல்கூட இல்லை. இந்த மனிதருக்கு இப்படியும் ஓட்டத் தெரியுமா என்று அந்தப் பதற்றத்திலும் தோன்றியது.

அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் குடுவை ஒன்றைக் கொண்டுவந்தார். கைக்கு அடங்கும் சின்னத் தண்ணீர் பாட்டில் மாதிரி, ஒரு முனையில் முகமூடி, மறுமுனையில் ஓட்டை. அந்த ஓட்டையில் சொருகியது நீல ஸ்ப்ரே. ஒன்றை அழுத்தி, "மெதுவா இழுங்க, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே காத்திருந்து, மறுபடி அழுத்தினார். கூடவே மாத்திரைகளும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் தோள்கள் காதை விட்டுக் கீழே வந்தன. உதட்டில் நிறம் திரும்பியது.

அக்கா பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "சிஸ்டர், அது என்னோட அதே நீல ஸ்ப்ரேதானே?"

"அதேதான்மா."

"நான் அடிச்சப்ப கேக்கலையே!"

நர்ஸ் சிரித்தார். "அதை நாளைக்கு மார்புநோய் டாக்டர் வந்து சொல்லுவாங்க. இப்ப படுங்க."

மறுநாள் வந்த மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். அங்கே நடந்ததை அக்கா பிறகு எனக்கு நடித்தே காட்டினார். கட்டிலைச் சுற்றிக் கணவர் ஒருபுறம், நாத்தனார் ஒருபுறம். கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மருத்துவமனைக்கு வந்தாலும் ஏ.சி.யிலிருந்து வரும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். மருத்துவர் மருந்துப் பெயர் எதையும் கேட்கவில்லை. "நீங்க தினமும் எப்படி எடுத்துக்கிறீங்க, எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று மருந்தில்லாத ஒரு ஸ்ப்ரேயை நீட்டினார்.

அக்கா காற்றை எல்லாம் ஊதினார். அழுத்தினார். வெடுக்கென்று இழுத்தார்.

"சரி. இது யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

அக்காவின் கண் நாத்தனார் பக்கம் போனது.

"நான்தான் டாக்டர்" என்றார் நாத்தனார், நெஞ்சை நிமிர்த்தி. "நான் இத்தனை வருஷமா அப்படித்தான் எடுக்கறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை."

"உங்களோடது இருக்கா? நீங்களும் செஞ்சு காட்டுங்க."

நாத்தனார் பையிலிருந்து குழலை எடுத்தார். காப்ஸ்யூலைப் போட்டார், திருகினார், தலையைத் திருப்பி ஊதினார், உதட்டை மூடி ஒரே இழுப்பு. உள்ளே காப்ஸ்யூல் கிர்ரென்று சுழன்றது. மூச்சைப் பிடித்து நின்றார்.

"ரொம்பச் சரி" என்றார் மருத்துவர். "இதை விட நல்லாச் செய்ய முடியாது. ஆனா அது உங்க மெஷினுக்கு."

நாத்தனார் மூச்சைப் பிடித்தபடியே புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

"பவுடர் மெஷின்ல மருந்தைத் தள்ளிவிட எதுவும் கிடையாது. நீங்க இழுக்கற வேகத்துலதான் தூள் உதிர்ந்து உள்ளே போகும். அதனால வேகமா, அழுத்தமா இழுக்கணும். ஸ்ப்ரே வேற. அதுல மருந்தே சீறிக்கிட்டு வருது. நீங்களும் வெடுக்குன்னு இழுத்தா நேரா போய்த் தொண்டையில மோதி அங்கேயே ஒட்டிக்கும். ஸ்ப்ரேக்கு மெதுவா, நீளமா இழுக்கணும். இழுக்க ஆரம்பிக்கறதும் அழுத்தறதும் சேர்ந்து நடக்கணும். அது நிறையப் பேருக்கு வராது, உங்களுக்கு மட்டும் இல்லை."

கணவருக்கு இப்போது ஆர்வம் வந்துவிட்டது. "கேஸ் பிரஷர்ல வர்றது, அதானே டாக்டர்? ஃப்ரிட்ஜ்ல கேஸ் ஏத்தும்போதும் அப்படித்தான், வால்வை ஒரேயடியாத் திறந்தா..." நாத்தனார் அவர் காலை மிதித்தார்.

"அப்ப அந்த நம்பர்?" என்று அக்கா கேட்டார். "அண்ணியோடதுல நானூறு. என்னோடதுல இருநூறு. அப்புறம் ஏத்தினாங்க, ஏத்தினாங்க..."

"ரெண்டும் வேற வேற மருந்தும்மா. ஒரு மருந்துல நூறு செய்யற வேலைக்கு இன்னொண்ணுல இருநூறு தேவைப்படும். துகள் எவ்வளவு பொடிசுங்கறதும் மெஷினுக்கு மெஷின் மாறும். பெட்டியில இருக்கற எண்ணை மட்டும் வெச்சு ரெண்டு பேரை ஒப்பிட முடியாது. செருப்பு நம்பரையும் சட்டை நம்பரையும் ஒப்பிடற மாதிரிதான்."

"அப்ப நான் எடுத்தது கம்மியா, அதிகமா?"

"கையில அதிகம். நெஞ்சுக்குள்ள கம்மி. மீதியெல்லாம் உங்க தொண்டை சாப்பிட்டுச்சு. வாயைத் திறங்க." டார்ச் அடித்துப் பார்த்தார். "நாக்குல, தொண்டையில வெள்ளைப் படலம் இருக்கு. குரல் போனது இதனாலதான். இதுக்குத் தனியா மருந்து தர்றேன், சரியாயிடும்."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. குரல் போய்விட்டது என்று மனதுக்குள் என்றைக்கோ முடிவு கட்டியிருந்தவர் அவர். 'சரியாயிடும்' என்று ஒரு மருத்துவர் காய்கறி வாங்குகிற குரலில் சொன்னதைக் கேட்டதும் தாங்கவில்லை. "தினசரி மருந்தை நானே நிறுத்திட்டேன் டாக்டர்" என்பதையும் அப்போதுதான் சொன்னார். மருத்துவர் திட்டவில்லை. "குரலை வெச்சுப் பிழைக்கறவங்க யாரா இருந்தாலும் பயப்படுவாங்க. ஆனா நேத்து இங்கே வந்ததுக்கு அதுதான் காரணம். இனிமே நிறுத்தறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றார்.

பிறகு ஊதிப் பார்க்கும் கருவியில் மூச்சை அளந்தார்கள். வேறொன்றில் இழுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பவுடர் மெஷினுக்குத் தேவையான இழுப்பு அக்காவிடம் இருந்தது. "ரெண்டு வழி இருக்கு. உங்க அண்ணி மாதிரி பவுடருக்கு மாறலாம். இல்லேன்னா நேத்து நர்ஸ் வெச்சாங்களே, அந்தக் குடுவையோட இதே ஸ்ப்ரேயை எடுக்கலாம். குடுவைக்குப் பேரு ஸ்பேசர். பெரிய துளியெல்லாம் அதோட சுவத்துல தங்கிடும். பொடிசு மட்டும் உங்க நெஞ்சுக்குப் போகும். தொண்டைக்குப் பாரம் குறையும். ரெண்டும் நல்ல மருந்துதான். எதைத் தினமும் ஒழுங்கா எடுப்பீங்களோ அதுதான் உங்களுக்குச் சரியானது."

"பவுடருக்கே மாத்திடுங்க டாக்டர், நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன்" என்றார் நாத்தனார்.

"அண்ணி" என்றார் அக்கா, "இந்தத் தடவை நானே சொல்றேனே." குடுவையைக் காட்டினார். "இது."

மருந்தின் அளவை மருத்துவர் உடனே குறைக்கவில்லை. முதலில் இதே மருந்து சரியாக உள்ளே போகட்டும், மூச்சு நிலைக்கட்டும், பிறகு படிப்படியாக இறக்கலாம் என்றார். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று அடித்துச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அந்தக் குடுவைக்குக் கணவர் வைத்த பெயர் பால்புட்டி. "பாப்பா, பால் குடிச்சாச்சா?" என்று காலையில் ஆரம்பிப்பாராம். கிண்டல் செய்தாலும் வாரத்துக்கு ஒருமுறை அதைச் சோப்புத் தண்ணீரில் அலசுவது அவர்தான். முதல் தடவை துணியால் பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். "துடைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களே! தேய்ச்சா மருந்து போய்ச் சுவத்துல ஒட்டிக்குமாம், தானா காயணும்" என்று அக்கா கத்த, அந்தக் கத்தல் நடு வீட்டில் முழுசாக, உடையாமல் ஒலித்ததாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கணவர் அப்படியே நாத்தனாருக்குப் போன் போட்டு, "அக்கா, திட்டறா, நல்லாத் திட்டறா!" என்றிருக்கிறார்.

அடுத்த திங்களன்று அக்கா கவுன்டரிலிருந்து மாடிக்கு வந்தார். படியின் நடுவில் நின்று இளைப்பாறவில்லை. அதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து, பதிவுக் குரலின் பொத்தானை அணைத்தார். நான் ஒரு சீட்டை நீட்டினேன். அவசரத்தில் வழக்கத்தை விட மோசமாக எழுதியிருந்தேன். அவர் அதைப் பார்த்து, என்னைப் பார்த்து, மைக்கைத் திறந்தார்.

"பயணிகளின் கவனத்திற்கு. மலைப்பாதை வழியாகச் செல்லும் பேருந்து மூன்றாவது மேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

கீழே ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. அடுத்தது அடித்தது. நிலையத்தில் நின்ற அத்தனை வண்டியும் அடித்தன. என்னவோ விபத்து என்று பயணிகள் பயந்து ஒதுங்கினார்கள். நிலைய அதிகாரி வெளியே ஓடிவந்து, மேலே நிமிர்ந்து பார்த்து, கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மழைக்காலத்தில் பிரேக்குக்கு இருமல் வந்து, அவருக்கும் ஆஸ்துமா என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் தயங்கித் தயங்கி மாடிக்கு வந்தார். "அக்கா, எனக்குக் காப்ஸ்யூல் கொடுத்திருக்காங்க. ஒரு மாசமாச்சு, ஒண்ணும் கேக்கலை."

"எப்படி எடுக்கறீங்க?"

"இது என்னக்கா கேள்வி? சாப்பாட்டுக்கு அப்புறம், தண்ணி ஊத்தி."

"முழுங்கறீங்களா? அதோட ஒரு குழல் கொடுத்திருப்பாங்களே!"

"அந்த விசிலா? அதைப் பேத்திக்கு விளையாடக் கொடுத்துட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். தானே விளக்கவும் இல்லை. "அது விசில் இல்லை, மருந்து அது வழியா மூச்சுல போகணும். போய் டாக்டர் முன்னாடி செஞ்சு காட்டுங்க. அவங்க பார்த்து, சரின்னு சொல்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க" என்று அனுப்பிவைத்தார். பிரேக்கு இறங்கிப் போன பிறகு அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தபோது, நல்லகாலம், மைக் அணைந்திருந்தது.

மூச்சு நிலைத்து மூன்று மாதம் ஆனதும் அக்காவுக்கு மருந்தைப் பாதியாக்கினார்கள். அதன் பிறகும் நன்றாக இருந்ததால் இன்னொரு படி இறக்கினார்கள். இப்போது எடுப்பது கொஞ்சம்தான். ஆனால் ஒருநாளும் விடுவதில்லை. நீல ஸ்ப்ரே கைப்பையின் அடியில் கிடக்கிறது. போன மாதம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல தேதி முடிஞ்சு போச்சு. அடிக்காமலே முடிஞ்சிருச்சு" என்று லாட்டரி விழுந்ததுபோலச் சொன்னார். சாயந்திரம் போய்ப் புதிது வாங்கிக்கொண்டார்.

நாத்தனார் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா நீச்சல் குளத்துக்குப் போகிறார். இன்னும் ஆழத்துக்கு வரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கிறார். "அங்கே மட்டும் அண்ணி சொல்ற மாதிரியே மூச்சு விடறேன்" என்றார் என்னிடம். "தண்ணியில அவங்க சொல்றதுதான் சரி."